ஓரகத்திகளும் ஒரு கோழிக்கூண்டும்

அந்த வீட்டின் முன்னறை பெரியவளுடையது. பின்பக்க முற்றம் சின்னவளுடையது. யாரும் உட்கார்ந்து பேசிப் பாகம் பிரிக்கவில்லை. அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவள் முன்னறையில் கடை போட்டாள். தம்பிக்கு வாக்கப்பட்டு வந்தவளுக்கு மிச்சம் கிடந்தது முற்றம்தான்.

பெரியவள் நடத்தியது பெண்களுக்கான பார்லர். சுழல் நாற்காலி ஒன்று, சுவர் நிறையக் கண்ணாடி, பின்ஜன்னலை ஒட்டித் தலை அலசும் தொட்டி. சின்னக் கடைதான், ஆனால் சுத்தத்துக்குப் பேர் போனது. ஒருத்திக்கு முடி வெட்டி முடித்து அடுத்தவள் உட்காருவதற்குள் தரை துடைத்து வைத்ததுபோல் இருக்கவேண்டும். ஒரு மயிரிழை கிடந்தாலும் பெரியவளுக்குக் கை நிற்காது, துடைப்பத்தைத் தேடும்.

சின்னவள் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கடையை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடித் தேடிச் சலித்து, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களில், ஒருநாள் கூடையோடு வந்து இறங்கினாள். கூடைக்குள் ஐந்து கோழிகள். எலக்ட்ரீஷியனான அவள் கணவன் ஒரு பழைய பாத்திர அலமாரியின் கதவைக் கழற்றி, வலை அடித்து, குறுக்கே ஒரு கம்பு வைத்துக் கூண்டாக்கிக் கொடுத்தான். ஐந்தில் ஒன்று மட்டும் மற்றவை தின்னும்போது தின்னாமல், சுற்றிச் சுற்றி வந்து மேற்பார்வை பார்த்தது. பழைய கடை ஞாபகத்தில் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தாள் சின்னவள்.

முட்டை வந்தவரை எல்லாருக்கும் சந்தோஷம்தான். பெரியவள்கூட காலையில் அவித்த முட்டையை உரித்தபடி, "பரவால்லடி, உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்க" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். 'இதுக்கு முன்னாடி நான் என்ன உருப்படாமலா இருந்தேன்' என்று சின்னவள் அதை மனதுக்குள் மாட்டி வைத்துக்கொண்டது பெரியவளுக்குத் தெரியாது.

மழை பிடித்ததும் சனி பிடித்தது.

தலை அலசும் தொட்டியில் வாடிக்கையாளர் தலையைப் பின்னால் சாய்த்தால் மூக்கு ஜன்னலைப் பார்த்து நிற்கும். அன்றைக்கு அப்படிச் சாய்ந்தவர் தெருமுனை மருந்துக்கடைக்கார அம்மா. வருஷக்கணக்காக வருகிறவர். அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். முதல்நாள் தலை அலங்காரம், முகப்பூச்சு எல்லாம் இங்கேதான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியும் வைத்திருந்தார்.

தலையில் நுரையோடு கண்ணை மூடிக் கிடந்தவர் மூக்கைச் சுருக்கினார். "என்னம்மா, கண்ணெல்லாம் கரிக்குது. புது ஷாம்பூவா?"

"அதே ஷாம்பூதாம்மா" என்றாள் பெரியவள். அவளுக்கும் கரித்தது. ஒரு கையால் ஜன்னலைச் சாத்தினாள். இன்னொரு கையால் மல்லிகை வாசனை ஸ்ப்ரேயை எடுத்து அடித்தாள். மல்லிகையும் கோழி எச்சமும் கலந்தால் என்ன மணம் வரும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அது வரக்கூடாத மணம்.

மருந்துக்கடைக்கார அம்மா மரியாதை தெரிந்தவர். தலை துவட்டிக்கொண்டு கிளம்பும்போது, "சனிக்கிழமைக்குப் பொண்ணக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்… பார்க்கலாம்" என்றார்.

அந்தப் 'பார்க்கலாம்' பெரியவளை வெட்டிப் போட்டுவிட்டது. வராதவர்கள் சொல்கிற வார்த்தை அது. கையில் சீப்போடு அப்படியே முற்றத்துக்குப் போனாள்.

சின்னவள் ரப்பர் குழாயைப் பிடித்துக் கூண்டுக்குள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, கடைய மூடிட்டுப் போகச் சொல்றியா என்னை?"

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? உன் கோழி நாத்தத்துல ஒரு கல்யாணமே கைவிட்டுப் போகுது! கூண்டைக் கழுவுறியா, இல்ல சும்மா பார்த்துட்டு நிக்கிறியா?"

"தினம் மூணு தடவை கழுவுறேன்கா. தரையைத் தொட்டுப் பாருங்க, ஈரம்கூடக் காயல."

"மூக்கு இருக்கறவ தொட்டு வேற பார்க்கணுமா? இந்த வாரம் முடியறதுக்குள்ள ஒண்ணு நாத்தம் போகணும், இல்ல கோழி போகணும். சொல்லிட்டேன்."

சின்னவளுக்கு முகம் சிவந்துவிட்டது. குழாயைக் கீழே போட்டாள். "உங்களுக்கென்னக்கா, காலையில கதவைத் திறந்தா வரிசையா ஆளு வருது. பேச ஆளு இருக்கு, சிரிக்க ஆளு இருக்கு. எனக்கு யாரு வரா? நான் போனா ஓடி வரது இந்த அஞ்சுதான்."

பெரியவள் கையிலிருந்த சீப்பைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் தம்பிக்காரன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "இது ஒரு பிரச்சனையா அண்ணி? காத்துதானே? ஒரு ஃபேன் போட்டா முடிஞ்சுது" என்று பார்லர் ஜன்னலில் காற்று வெளியேற்றும் விசிறி ஒன்றை மாட்டிக் கொடுத்தான். மறுநாள் காலையில் அதைப் போட்டதும் முற்றத்தில் இருந்த மொத்த நாற்றமும் கிளம்பி பார்லருக்குள் வந்து உட்கார்ந்தது. விசிறியைத் திருப்பி மாட்டியிருந்தான். ஊருக்கெல்லாம் கரண்ட் வேலை பார்க்கிறவன்.

சின்னவள் அவள் பங்குக்கு ரோஷத்தோடு இறங்கினாள். மூன்று தடவை கழுவியது ஐந்து தடவை ஆனது. ஃபினாயிலை வாளியில் கலந்து ஊற்றினாள். கோழிகள் வரிசையாகத் தும்மின. மழையும் நின்றபாடில்லை. கழுவக் கழுவ நாற்றம் கூடிக்கொண்டே போனது. வியாழக்கிழமை ஐந்தாவது கழுவலின்போது, சேறும் எச்சமும் ஃபினாயிலும் கலந்து கிடந்த தரையில் சின்னவளின் கால் சறுக்கியது. 'ஐயோ அக்கா' என்று அவள் போட்ட சத்தத்தில் பார்லர் நாற்காலியில் இருந்தவள்கூட எழுந்து நின்றுவிட்டாள்.

எலும்பு முறியவில்லை. கணுக்கால் சுளுக்கு. பத்து நாள் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சின்னவள் பெரியவளைப் பார்க்காமல் சொன்னாள். "கோழிய யாருக்காவது குடுத்துடலாம்கா. உங்களுக்கும் நிம்மதி."

சண்டை போட்டிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். இந்தக் குரலைத்தான் தாங்கமுடியவில்லை. "யாரு கேட்டா உன்கிட்ட? காலை அசைக்காம கிட" என்று அதட்டிவிட்டு வெளியே வந்தாள்.

லாரி ஓட்டும் அண்ணன்காரன் சரக்கோடு வெளியூர் போயிருந்தான். தம்பிக்காரன், "நான் பார்த்துக்கறேன் அண்ணி" என்றான். "நீ ஃபேன் பார்த்துகிட்டதே போதும், தம்பி" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை. பார்லர் திறக்க நேரம் இருந்தது. பெரியவள் தலைக்குச் சாயம் பூசும்போது போடும் கையுறை, முகத்துக்கு மாஸ்க், தலைக்கு பிளாஸ்டிக் தொப்பி, கழுத்திலிருந்து முழங்கால்வரை வாடிக்கையாளருக்குப் போர்த்தும் கறுப்புத் துணி, இத்தனையும் அணிந்து கூண்டுக் கதவைத் திறந்தாள். கோழிகள் ஒரு கணம் பார்த்தன. பிறகு நான்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலைக்கு ஓடின. மேனேஜர் மட்டும் நின்ற இடத்தில் நின்று கழுத்தைச் சாய்த்து, யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்பதுபோலப் பார்த்தது.

முற்றத்துக் கதவோரம் நாற்காலி போட்டு, காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து சின்னவள் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அக்கா, ஆபரேஷனா பண்ணப் போறீங்க?"

"வாயை மூடு. குழாய் எங்க?" என்று கேட்டபடி குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூண்டு முழுக்க அசிங்கம் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அப்படி இல்லை. எச்சம் பெரும்பாலும் ஒரே கோட்டில், ராத்திரி கோழிகள் ஏறித் தூங்குகிற கம்புக்கு நேர்கீழே, வரிசையாகக் குவிந்து கிடந்தது. மற்ற இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அந்தக் குவியலைத்தான் சின்னவள் தினமும் தண்ணீர் அடித்துக் கூண்டு முழுக்கப் பரப்பிவிட்டிருக்கிறாள்.

"இவளே" என்றாள் பெரியவள் நிமிராமல். "என் கடையில முடி எங்க விழும்?"

"நாற்காலிய சுத்தி."

"நான் என்ன பண்ணுவேன்? ரூம் பூரா தண்ணி ஊத்துவேனா?"

"ஊத்தினா முடி தரையோட ஒட்டிக்குமே."

"ம். காஞ்ச முடின்னா ஒரு தள்ளுல வந்துரும். ஈர முடி சாகறவரைக்கும் வராது. இனிமே அந்தக் குழாய் செடிக்கு மட்டும்தான். நீ கழுவினதாலதாண்டி நாறியிருக்கு!"

சின்னவள் வாயைத் திறந்தாள். உண்மை உறைத்தது. "ஐயோ" என்றாள் மெதுவாக. "அஞ்சு தடவை கழுவினேனேக்கா."

அதன்பிறகு பெரியவளைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஈரமான குப்பையை எல்லாம் சுரண்டி வாளியில் அள்ளினாள். வீட்டுக்குள் போய் உடைந்த மேஜையின் பலகையைக் கொண்டுவந்து, கம்புக்கு ஒரு முழம் கீழே இழுப்பறைபோல் உள்ளே தள்ளி, வெளியே இழுக்கும்படி செருகினாள். ராத்திரி விழுவதெல்லாம் பலகையில் விழும். காலையில் இழுத்துச் சுரண்டினால் முடிந்தது. சுரண்டுவதற்குச் சாயம் கலக்கும் அகலக் கரண்டி ஒன்றைத் தத்தம் செய்தாள். சின்னவள் நாற்காலியில் இருந்தபடியே, "அக்கா, தண்ணிக் கிண்ணத்தை அதுங்க தட்டிவிட்டுத்தான் பாதி ஈரம்" என்று காட்டிக்கொடுக்க, கிண்ணத்தை இரண்டு செங்கல்மேல் ஏற்றி வைத்தாள். அண்ணன்காரன் லாரிக்கு வாங்கிவைத்த தார்ப்பாயைத் தம்பிக்காரன் வேலைக்குப் போகும் வழியில் கூண்டின்மேல் இழுத்துக் கட்டினான். இந்தத் தடவை சரியான பக்கத்தில்தான் கட்டினான். அண்ணி பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

தரைக்கு என்ன போடுவது என்பதுதான் மிச்சம். சின்னவள் சொன்னாள், "தெருக்கோடி ஆசாரி கடையில மரத்தூள் கொட்டிக் கிடக்கும்கா."

பெரியவள் அதே கோலத்தில் சாக்கோடு போனாள். தச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்து, எதுவும் கேட்காமல், "தூள் வேணாம்மா, கோழிக்கு மூக்குல ஏறும். இழைச்சு விழுந்த சுருளை அள்ளிக்குங்க" என்றார். இளமஞ்சள் நிறத்தில் வளைவளைவாக ஒரு மூலை நிறையக் கிடந்தது. பெரியவள் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா சுருள் போடறேன், இவ்வளவு பதமா எனக்கு ஒரு நாளும் விழுந்ததில்லண்ணே."

"கொண்டுபோங்க, இன்னைக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டிருங்க" என்று சிரித்தார் தச்சர்.

துடைத்துக் காயவிட்ட தரையில் மரச்சுருளைக் கையகலத் தடிமனுக்குப் பரப்பினார்கள். கோழிகள் முதலில் தயங்கின. மேனேஜர்தான் இறங்கி ஒரு காலால் சீய்த்துப் பார்த்தது. அடுத்த நிமிஷம் ஐந்தும் விழுந்து புரண்டு சுருளை வாரி இறைத்தன. சாயங்காலம் பெரியவள் பார்லரை அடைத்துவிட்டு வந்து குனிந்து, மாஸ்க்கை இறக்கி, மூச்சை இழுத்தாள். மர வாசனை வந்தது. அதற்கு அடியில் லேசாகக் கோழி வாசனை. அவ்வளவுதான்.

"அக்கா" என்றாள் சின்னவள். "அன்னைக்கு உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கன்னு சொன்னீங்களே. அது எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு."

பெரியவள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒன்று சொன்னதே நினைவில் இல்லை. "நான் முட்டையச் சொன்னேண்டி" என்றாள். பிறகு, "எனக்கு வாய் கொஞ்சம் முன்னால ஓடும். பின்னாடியே மனசு வருது, பிடிக்க முடியல" என்றாள். சின்னவள் சிரித்தாள். சிரிக்கும்போது கால் அசைந்து வலித்தது, அதற்கும் சிரித்தாள்.

சனிக்கிழமை மருந்துக்கடைக்கார அம்மா வரமாட்டார் என்றுதான் பெரியவள் நினைத்திருந்தாள். வந்துவிட்டார். மகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே வந்து, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்கிற முகத்தோடு காற்றை முகர்ந்தார். பெரியவள் எதையும் கவனிக்காதவள்போல் போய், பின்ஜன்னலை அகலத் திறந்துவைத்தாள். அம்மா இன்னொரு தடவை முகர்ந்தார். "வா, உட்காரு" என்றார் மகளிடம்.

தலை அலசி, பாதி முடியைக் கிளிப் போட்டு உருட்டி வைத்திருந்த நேரம், வெளியே மேனேஜர் முட்டையிட்ட பெருமையை ஊருக்கு அறிவித்தது. மணப்பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கோழியா? இங்கேயா?" என்றவள், கழுத்தில் போர்த்திய கறுப்புத் துணியோடும் தலை நிறையக் கிளிப்போடும் முற்றத்துக்கு ஓடினாள்.

"அடியே, நாளைக்குக் கல்யாணம்டி உனக்கு!" என்று அவள் அம்மா பின்னால் ஓட, சீப்போடு பெரியவளும் ஓடினாள்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள், கூண்டோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சின்னவள் மேனேஜரைத் தூக்கி அவள் கையில் கொடுத்திருந்தாள். மணப்பெண் அதை மார்போடு அணைத்து, "எவ்வளவு சூடா இருக்கு!" என்று கொஞ்சினாள். மேனேஜர் கண்ணை மூடிச் சுகமாக இருந்தது. பின்பு அதே சுகத்தில், அவள் மடியில் வழுவழுவென்று ஒரு எச்சம் போட்டது.

சின்னவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மருந்துக்கடைக்கார அம்மாவின் புருவம் நெற்றிவரை ஏறி நின்றது.

பெரியவள் அருகில் போனாள். கழுத்து முடிச்சை ஒரு இழுப்பில் அவிழ்த்து, துணியின் நான்கு முனையையும் உள்பக்கமாக மடித்துச் சுருட்டி, ஒரு பொட்டு வெளியே தெரியாமல் எடுத்துவிட்டாள். வெட்டிய முடியை எடுப்பது எப்படியோ அப்படி. "அதுக்குத்தானேம்மா போர்த்தி விடறோம்" என்றாள் சாதாரணமாக.

மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். அவள் குலுங்கிய குலுங்கலில் இரண்டு கிளிப் கழன்று விழுந்தன. அம்மாவின் புருவம் மெல்ல இறங்கியது, அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் கூண்டுக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தார். பலகையை இழுத்துப் பார்த்தார். மரச்சுருளைக் காலால் கிளறிப் பார்த்தார்.

"அன்னைக்குக் கண்ணு கரிச்சது இதானா?"

"இதேதாம்மா" என்றாள் பெரியவள். இனி மறைத்து என்ன.

"அள்ளறதை என்ன பண்றீங்க? எங்க வீட்டு எலுமிச்சை காய்க்கவே மாட்டேங்குது. யாரோ கோழி எருவு போடச் சொன்னாங்கன்னு வாங்கிப் போட்டேன், இலையெல்லாம் கருகிப் போச்சு."

இந்தக் கேள்விக்குப் பதில் சின்னவளிடம் இருந்தது. கால் கட்டோடு இரண்டு நாளாக அதைத்தான் ஃபோனில் படித்துக்கொண்டிருந்தாள். "பச்சையாப் போட்டா எரிச்சுடும்மா. அந்த மூலை டிரம்ல காஞ்ச இலையோட கலந்து போட்டிருக்கோம். அப்பப்ப கிளறிவிட்டு, சில மாசம் மக்க விட்டாத்தான் மண்ணு வாசனை வரும். அப்புறம் நானே கொண்டுவந்து போட்டுத் தரேன்."

"நீ எங்க வந்து போடுவ? முதல்ல நடந்து காட்டு" என்றாள் பெரியவள். "வேணும்னா உள்ள வந்து உட்காரு. கிளிப் எடுத்துக் கொடுக்கக் கால் வேண்டாம்."

சின்னவளைத் தோளில் தாங்கி பார்லருக்குக் கூட்டிப்போனாள். மடியில் கிளிப் டப்பாவை வைத்துக்கொண்டு சின்னவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எந்த வாடிக்கையாளர் எந்த நிறச் சாயம் போடுகிறார் என்பதிலிருந்து பழைய துணிக்கடைக் கதைவரை அவள் பேசிய பேச்சில் மணப்பெண்ணுக்கு ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கிளம்பும்போது மருந்துக்கடைக்கார அம்மா, "நாளைக்குக் காலையில மண்டபத்துக்கு ரெண்டு பேரும் வந்துருங்க. அலங்காரம் கலையாமப் பார்த்துக்க ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் பார்க்கலாம் என்ற வார்த்தையே இல்லை.

அடுத்த வாரம் அண்ணன்காரன் லாரியை நிறுத்திவிட்டு வந்தான். முற்றத்துக்கு வந்து கை கால் கழுவியவன் சுற்றும்முற்றும் பார்த்து, "கோழியெல்லாம் கொடுத்துட்டீங்களா? நாத்தமே இல்லையே" என்றான். கூண்டிலிருந்து மேனேஜர் அதட்டியது. "இருக்கு, இருக்கு" என்று ஒதுங்கிக்கொண்டான்.

சின்னவளின் கால் சரியாகி, கட்டுப் பிரித்த பிறகு வேலையும் பிரித்துக்கொண்டார்கள். பார்லரில் தலை அலசுவது சின்னவளின் பாடு. அவள் விரல் பட்டால் தூக்கம் வருகிறது என்று அவளையே கேட்டு வர ஆரம்பித்தார்கள். கூண்டு அவளுடையதுதான் என்றாலும், காலையில் பலகையை இழுத்துச் சுரண்டுகிற வேலையைப் பெரியவள் விடவில்லை. ஒருநாள் சின்னவள் எழுந்து வந்து பார்த்தபோது, பெரியவள் கூண்டுமுன் குந்தியிருந்து, முந்தின நாள் வந்த வாடிக்கையாளர் ஒருத்தியின் மாமியார் கதையை மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோழிகள் ஐந்தும் அவளைச் சுற்றி நின்றிருந்தன.

"அக்கா, இதுங்க என்னைக் கண்டா இப்பல்லாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. என்ன போட்டு மயக்குனீங்க?"

"நீ கிட்ட வந்தா ஷாம்பூ வாசனை அடிக்குது. அதுங்களுக்கு ஒத்துக்கல" என்றாள் பெரியவள், சுரண்டிய எச்சத்தை டிரம்மில் கொட்டியபடி. "தம்பிய எழுப்பு. இன்னைக்கு எருவு கிளறற முறை அவனுது."

"அவரு தூங்கறாரு."

"எழுப்பு. ஃபேனைத் திருப்பி மாட்டினதுக்கு இன்னும் கணக்குத் தீரலன்னு சொல்லு."

உள்ளேயிருந்து போர்வை இன்னும் இறுக்கமாக இழுக்கப்படுகிற சத்தம் கேட்டது. ஓரகத்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சேர்ந்தே அவன் அறைக் கதவைத் தட்டப் போனார்கள்.